லெந்து காலத்தில் கறி தின்றவர்

சென்ற ஆண்டு பெரிய வெள்ளியன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் சபை வளாகத்தில் நடந்த இயேசுவின் பாடுகளின் நாடகத்தில், சிலுவை நடுவே விரிசல் விட்டுச் சாய்ந்துவிட்டது. சட்டென்று விழுந்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். அது மெல்ல, வெகு நிதானமாக, இயேசுவைச் சுமந்துகொண்டே இறங்கி, ரோம ஆளுநர் பிலாத்துவின் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் படுத்துக்கொண்டது. நல்ல வேளையாக பிலாத்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். யாருக்கும் அடியில்லை. ஆனால் கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வருடந்தோறும் இந்த இடத்தில் விம்மி அழுகிற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

அன்று சிலுவையில் இருந்தவர் எலியேசர். பதினோரு வருடமாக அந்த வேடம் அவருடையதுதான். பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் இருக்கும் லாரி எடை மேடையில் அவருக்கு வேலை. பஞ்சு ஏற்றிய லாரிகள் மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எலியேசர் சீட்டு அடித்துக் கொடுப்பார். ஓட்டுநர்கள் சீட்டைப் பார்ப்பார்களே தவிர அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் ஐந்நூறு பேர் அவரை அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த நாளில் சிரித்துவிட்டார்கள் என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இந்த ஆண்டு சாம்பல் புதனுக்கு முந்தின வாரமே போதகர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

“எலியேசர், வருத்தப்படாதீங்க. இந்த வருசம் ஜெர்வினப் போடலாமான்னு கமிட்டியில பேசுறாங்க. அவன் அறுபத்திரெண்டு கிலோதான் இருக்கான்.”

“அவனுக்கு வசனம் நிக்காதே ஐயா. போன வருசம் அவனுக்கு ஒரே ஒரு வரி. அதையும் உள்ளங்கையில எழுதிக்கிட்டு வந்தான்.”

“அது எனக்கும் தெரியும். ஆனா சிலுவை தாங்கணும்லா?”

“நான் எம்புட்டு இருந்தாத் தாங்கும்?”

போதகர் ஜன்னல் வழியே சாய்த்து வைத்திருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, “எண்பத்தஞ்சு” என்றார்.

வீட்டுக்கு வந்து எடை மெஷினில் ஏறினார். நூற்று மூன்று. நாற்பது சொச்சம் நாளில் பதினெட்டு கிலோவை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது? ஜோத்பூரில் ராணுவத்தில் இருக்கும் மனைவியின் தம்பி இன்பத்துக்கு வீடியோ கால் போட்டார். இன்பம் ஆறு மாதத்தில் ஒல்லியாகிப் போட்டோவெல்லாம் அனுப்பியவன்.

“அத்தான், இது ரொம்ப லேசு. இதுக்குப் பேரு கீட்டோ. சோறு, இட்லி, சீனி மூணையும் தொடாதீக. கறி, முட்டை, நெய், வெண்ணெய் எம்புட்டு வேணும்னாலும் தின்னுங்க. உள்ள போற கொழுப்பு, உள்ள இருக்குற கொழுப்பத் தின்னுரும்.”

தின்றுவிட்டால் தின்ற கொழுப்பு எங்கே போகும் என்று கேட்க எலியேசருக்குத் தோன்றியது. ஆனால் ராணுவத்தில் இருப்பவனிடம் எதிர்க்கேள்வி எதற்கென்று விட்டுவிட்டார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் கறி தொடாத லெந்து நோன்பு நாட்கள். மனைவி எப்சியின் வீட்டில் மூன்று தலைமுறையாக லெந்து நாளில் முட்டை ஓடுகூட உள்ளே வராது. விஷயத்தைச் சொன்னதும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, ஊரெல்லாம் இயேசுவ நெனச்சுக் கறிய விட்டுட்டு இருக்கு. இயேசுவா நடிக்கிற ஆளு மட்டும் கறி திம்பீங்களா? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க.”

“ஏற்கெனவே சிரிச்சுட்டாங்க எப்சி.”

அவள் கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள். ஆனால் தன் அடுப்படியில் நடக்காது என்று மட்டும் சொல்லிவிட்டாள். ஆகவே எலியேசரின் கீட்டோ ராஜபாளையத்தில், எடை மேடைக்கு எதிரே இருந்த வெள்ளத்தாய் அக்கா மெஸ்ஸில் தொடங்கியது.

முதல் நாள் இலையில் சோறு வைக்க வந்த வெள்ளத்தாயின் கையைத் தடுத்து, “சோறு வேண்டாம்க்கா. கறி, முட்டை, கோலா உருண்டை மட்டும் வையுங்க” என்றார்.

“ஏன் தம்பி, வீட்டுல ஏதும் துக்கமா?”

“இல்லக்கா. உடம்பக் குறைக்கேன்.”

“கறி தின்னா?”

“ஆமாக்கா.”

வெள்ளத்தாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கூடுதலாக ஒரு உருண்டை வைத்தாள்.

முதல் வாரம் மண்டையிடி. வாயில் துருப்பிடித்த வாளி வாடை. சீட்டு வாங்க வந்த ஓட்டுநர்கள் கண்ணாடித் துளையிலிருந்து முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். ஆனால் எட்டாம் நாள் மெஷின் நூற்றொன்று காட்டியது. எலியேசர் பல் விளக்காமலே ஜெபம் செய்தார். இரண்டாம் வாரமும் அதே நூற்றொன்று. மூன்றாம் வாரம் நூற்றிரண்டரை. இன்பத்தைக் கேட்டபோது, “கொழுப்புப் பத்தல அத்தான், இன்னும் ஏத்துங்க” என்றான். காலையில் காப்பியில் வெண்ணெய் போட்டுக் குடித்தார். நூற்று நான்கு.

மெஷின்தான் பழுது என்று முடிவு கட்டினார். பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறி நின்றார். கடைக்காரர் வழக்கம்போல இரண்டு கிலோ குறைத்துச் சொன்னதில் ஒரு நாள் நிம்மதியாக இருந்தார். பிறகு, உலகத்திலேயே தான் நம்பும் ஒரே மெஷின் எது என்று யோசித்தார். மத்தியானம் லாரி இல்லாத நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, அறுபது டன் எடை மேடையின் நடுவில் போய்த் தனியாக நின்றார். அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். திரையில் நூறு என்று வந்தது. நான்கு கிலோ குறைந்துவிட்டது! வாகன எண் என்ற இடத்தில் தன் பெயரையும், சரக்கு என்ற இடத்தில் ‘காலி’ என்றும் அடித்துச் சீட்டு எடுத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்து நாள் அந்தச் சந்தோஷம் இருந்தது. ஆறாம் நாள் மறுபடி ஏறி நின்றார். நூற்றுப்பத்து. ஒரே வாரத்தில் பத்துக் கிலோ! வெயிலில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து, “அண்ணாச்சி, நீங்க எறங்குனாத்தான் நான் ஏற முடியும்” என்று கத்திய பிறகுதான் நகர்ந்தார்.

இதற்கிடையில் அவர் கறி தின்பதைச் சபையார் ஒருவர் பார்த்துவிட்டார். பார்த்தவர் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்வதற்குள் செய்தி வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது.

“கறி தின்னீங்களா, இல்லையா?”

“தின்னேன்.”

“லெந்து நாள்லயா?”

“தெனமும்.”

“அதுவும் இயேசு வேசம் கட்டுற ஆளு!”

எலியேசர் எழுந்து நின்றார். அவர் கண் கலங்கிவிட்டது. “ஐயா, ஆசைக்கா திங்கேன்? எனக்குக் கறியப் பாத்தாலே கொமட்டுது. ராத்திரி ரசஞ்சோறு நெனப்புல தூக்கம் வரல. நீங்க கறிய விட்டுட்டுப் பாடுபடுறீங்க. நான் கறியத் தின்னு பாடுபடுறேன். இயேசுவுக்காகத்தான் திங்கேன்.”

கமிட்டியார் போதகரைப் பார்த்தார்கள். போதகர் மேசையில் இருந்த வேதத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “வேதத்துல இதப் பத்தி ஒண்ணும் நேரடியா இல்ல” என்று கூட்டத்தை முடித்தார்.

மறுநாள் எப்சி ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினாள். சோற்றைத் தொடாமலே ஒரு மனிதன் எப்படி ஊத முடியும் என்று அவளுக்கு விளங்கவில்லை. நேரே மெஸ்ஸுக்குள் போய் வெள்ளத்தாயைப் பிடித்தாள்.

“அக்கா, மறைக்காமச் சொல்லுங்க. அவிய சோறு திங்காகளா?”

“கண்ணால பாக்க மாட்டேங்காக. அந்தப் பாவத்தப் பாத்துத்தான்…” வெள்ளத்தாய் குரலைத் தாழ்த்தினாள். “கோலா உருண்டையில பச்சரிசி மாவு சேத்தேன். நல்லா ஒரு படி. குழம்புலயும் பொட்டுக்கடலை அரைச்சு ஊத்துனேன். இல்லாட்டி மனுசன் விழுந்துருவாரேம்மா! ஒரு நாளைக்கு இருபது உருண்டைங்க. ருசியா இருக்குன்னாரு.”

எப்சி பெஞ்சில் உட்கார்ந்து முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். வெள்ளத்தாய் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தட்டில் இரண்டு உருண்டை கொண்டுவந்து வைத்தாள். லெந்து நாள் என்று எப்சி கையெடுத்துக் கும்பிட்டு விலக்கினாள்.

பெரிய வெள்ளிக்கு நான்கு நாள்தான் இருந்தது. அதற்குள் ஜெர்வினும் ஒத்திகையில் மூன்று முறை வசனத்தை மறந்து, கடைசியில் பிலாத்துவைப் பார்த்து, “அடுத்து என்ன சார்?” என்று கேட்டுவிட்டான். போதகர் தலையில் கைவைத்துக்கொண்டார். எலியேசருக்குத் தாடி முழுதாக வளர்ந்திருந்தது. பதினொரு பக்க வசனமும் மனப்பாடம். குறை எடை மட்டும்தான்.

அப்போதுதான் சங்கிலிப்பாண்டி வந்தார். மில்களில் பெரிய மெஷின்களைத் தூக்கி வைக்கிற கிரேன் அவருடையது, ஓட்டுவதும் அவரே. எடை மேடைக்கு அடிக்கடி வருகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அண்ணாச்சி, ரெண்டு டன் மெஷினயே முட்டை மாதிரி எடுத்து வைக்கேன். நீங்க என்ன பெரிய எடை? நான் வாரேன்” என்றார். வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் சிலுவை செய்து, மர நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள். கிரேனைக் கறுப்புத் துணியால் போர்த்தி, இயேசுவை அறைந்த கொல்கொதா மலையாக நிறுத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மலை ஒருமுறை பின்னால் நகர்ந்தது. ‘கீங் கீங்’ என்று சத்தம் வந்தது. ரோமப் போர்வீரர்கள் உடனே பறையடித்துச் சமாளித்தார்கள். பிறகு சிலுவை எழுந்தது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு கிறீச்சில்லை. பதினோரு வருடத்தில் இப்படி எழுந்ததே கிடையாது. முதலில் முன்வரிசையில் ஒரு பெண் விம்மினாள். பிறகு எல்லோரும்.

கிரேனுக்குள் இருந்த சங்கிலிப்பாண்டியும் அழுதார். அவர் இந்த நாடகத்தை இதுவரை பார்த்ததில்லை. கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கத் தெரிந்தவருக்கு, மற்றக் கையில் இருந்த லீவரை விடத் தெரியவில்லை. சிலுவை வேப்பமரத்தைத் தாண்டியது. ஆலயத்தின் தகரக் கூரையைத் தாண்டியது. மணிக்கூண்டின் உயரத்தில் போய் நின்றது. அங்கிருந்து எலியேசருக்கு மேற்கே மலைத்தொடர் முழுவதும் தெரிந்தது. சாலையில் பஸ்கள் நின்று, ஜன்னலெல்லாம் தலையாக இருந்தது. கடைசி வசனங்களை நடுங்கும் குரலில் சொல்லி முடித்துத் தலையைத் தொங்கவிட்டார்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. யாரும் இறக்கவில்லை. அங்கியில் மாட்டியிருந்த மைக்கை மறந்து, எலியேசர் மெல்லக் கூப்பிட்டார். வளாகத்தின் நான்கு ஸ்பீக்கர்களிலும் அது கேட்டது.

“சங்கிலி… ஏலே சங்கிலி… எறக்குப்பா…”

ஒருவரும் சிரிக்கவில்லை. ‘ஏலே’ என்றது, ‘ஏலீ’ என்று இயேசு பிதாவைக் கூப்பிட்டதாகவே காதில் விழ, கூட்டம் மொத்தமும் மண்டியிட்டது. கிரேன் கூண்டின் கதவை ஒரு ரோமப் போர்வீரன் ஈட்டியால் தட்டிய பிறகுதான் சிலுவை கீழே வந்தது. கட்டை அவிழ்த்ததும் எலியேசர் எப்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு, “யாராச்சும் சிரிச்சாங்களா?” என்று கேட்டார்.

“இல்லங்க” என்றாள் எப்சி. “ஒருத்தர்கூட.”

ஈஸ்டர் மத்தியானம் சபையில் பிரியாணி விருந்து. நாற்பது நாள் கறி காணாதவர்கள் இலையில் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். போதகர் ஒவ்வொரு இலையாக வந்து, அடுத்த வருடத்துக்கும் கிரேன் சொல்லியாயிற்று என்று சந்தோஷமாக அறிவித்துக்கொண்டே போனார். எலியேசர் தன் இலையில் விழுந்த கறித்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பக்கத்தில் இருந்த ஜெர்வினின் இலைக்குத் தள்ளினார்.

“ஏன் அண்ணாச்சி, நல்ல நெஞ்சுக்கறி!”

“தின்னுலே. உனக்கு உடம்பு வேணும்.”

எப்சி வீட்டுக்கு ஓடிப்போய்க் குக்கரில் அரைப்படி அரிசி போட்டு, ரசம் வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். ஆவி பறக்கும் வெள்ளைச் சோறு இலையில் விழுந்ததும் எலியேசர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் என்று நினைத்து அந்த வரிசையே கையை நிறுத்தியது. அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

“ஏங்க, மெதுவா” என்றாள் எப்சி. “இன்னும் இருக்கு.”