நாலாயிரம் புள்ளிச் சைக்கிள்

சாம்பல்தீவிலிருந்து துறைமுக வாசலுக்கு நடந்து வருவதென்றால் ஐந்து மைல் கால் தேயவேண்டும். வழியில் இரண்டு இடத்தில் நின்று அடையாள அட்டை காட்டவும் வேண்டும். காலை ஏழு மணிக்கு வாசலில் பேர் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய மூட்டை வேறொருவன் முதுகுக்குப் போய்விடும். ஒரே மாதத்தில் மூட்டைக்காரன் கதிராமனுக்கு அப்படி நாலு நாள் போனது. சீமெந்து மூட்டை விழுந்த முழங்கால் மூன்றாவது மைலில் மக்கர் பண்ணத் தொடங்கிவிடும். இருந்த சைக்கிளோ தொண்ணூறாம் ஆண்டு ஊரை விட்டு ஓடியபோது போனது போனதுதான்.

போர் சற்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அது. வங்கிக்காரர்கள் திருகோணமலைக்கும் வந்து கடன் அட்டை கொடுத்தார்கள். துறைமுகத்தில் மூட்டை எண்ணிப் பதியும் ஸைனுலாப்தீன் நானாவுக்கு ஒன்று கிடைத்தது. நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் ஒரு புள்ளி. புள்ளி சேர்த்தால் பரிசு. பரிசுப் புத்தகத்தை நானா சாப்பாட்டுப் பார்சலோடு சேர்த்தே கொண்டுதிரிவார்.

"இஞ்ச பாரு கதிராமன். சுடுதண்ணிப் போத்தல் ஆயிரத்தைந்நூறு புள்ளி. கடையில அது நானூறு ரூவா. இஸ்திரிப் பெட்டி ரெண்டாயிரம் புள்ளி, கடையில தொளாயிரம். எல்லாம் ஏமாத்து. ஆனா சைக்கிள் நாலாயிரம் புள்ளி. கடையில எட்டாயிரம் ரூவா! வங்கிக்காரன் எங்கயாச்சும் ஓரிடத்தில அசந்திருப்பான். அந்த இடத்தத்தான் நாம பிடிக்கோணும்."

"உங்களிட்டை சைக்கிள் இருக்கே நானா?"

"எனக்காரு கேட்டது? ஒனக்கு. எங்கிட்ட ஆயிரத்துத் தொளாயிரம் கிடக்கு. மத்ததச் சேர்ப்பம். டிசம்பர் முப்பத்தொண்டோட எல்லாம் அழிஞ்சிரும், அதுக்கு முன்னுக்கு."

கதிராமன் முழங்காலைத் தடவிக்கொண்டான்.

ஊரில் அட்டைக்குச் சாமான் கொடுக்கும் இடமே இரண்டுதான்: ஒரு பெற்றோல் செட், ஒரு புடவைக்கடை. கதிராமனின் மைத்துனன் சின்னப்போடிக்கும் அவனுடைய கூட்டாளிகளுக்கும் வள்ளத்து எஞ்சினுக்கு நாளும் மண்ணெண்ணெய் வேண்டும். அவர்கள் காசை நானாவின் கையில் வைப்பார்கள், நானா செட்டில் அட்டையைக் கொடுப்பார். அந்தக் காசு பிந்தாமல் வங்கிக்குப் போய்விடும். "வட்டியெண்டு ஒரு சதம் கட்டினாலும் சைக்கிள் விலை ஏறிரும்" என்பார். எட்டு மாதம் இப்படியே நடந்தது. செட்டில் நிற்கும் பெடியன், "நானா, நீங்கள் கடலுக்குப் போறியளோ, கடலைக் கொளுத்தப் போறியளோ?" என்று கேட்கும் அளவுக்கு நடந்தது.

டிசம்பர் கடைசியில் நூற்றறுபது புள்ளி குறைந்தது. முப்பதாம் திகதி புடவைக்கடையில் வாங்கினால் இரட்டைப் புள்ளி என்று வங்கி அறிவித்திருந்தது. நானாவின் மனைவி நஜ்முன் நிஸா தன் தங்கச்சி மகளின் கலியாணத்துக்கென எடுக்க இருந்த எட்டாயிரம் ரூபாய் உடுப்பை அந்த நாளுக்கென்றே பிடித்து வைத்திருந்தார்கள். கணக்கு நூல் பிடித்ததுபோல வந்தது.

முப்பதாம் திகதி ஹர்த்தால். டயர் எரிந்தது. ஊரில் ஒரு கடையும் திறக்கவில்லை.

மறுநாள் கதிராமன் நேரத்துக்கு வந்துவிட்டான், ஆனால் முகம் சரியில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் நானாவிடம் வந்தான். "விடுங்கோ நானா. கலியாண உடுப்புக்கு இண்டைக்கு எண்பதுதான் வரும். மிச்சம் எண்பது புள்ளி எங்கால? சுடுதண்ணிப் போத்தலை எடுங்கோ."

"போத்தல்ல ஏறி வருவியா?" நானா எழும்பினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மூட்டைக்காரர் எட்டுப் பேரையும் பார்த்து, "பொங்கலுக்கு எல்லாரும் உடுப்பெடுக்கிறதுதானே? ரெண்டு கிழமை முந்தி, இண்டைக்கு எடுத்தா என்ன, சாரன் சுருங்கிருமா?" என்று கேட்டார்.

பாக்கியரத்தினம் சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னான்: "எடுக்கலாம் நானா. இவர் பிந்தி வாற நாளிலை இவரின்ரை மூட்டையும் என்ரை முதுகிலைதானே ஏறுது. சைக்கிள் வந்தா எனக்குத்தான் லாபம்."

அன்று பின்னேரம் புடவைக்கடை தாங்கவில்லை. நஜ்முன் நிஸா ஒரு பக்கம், மூட்டைக்காரர் குடும்பங்கள் ஒரு பக்கம். கதிராமனின் மனைவி யோகமலரும் மகளின் சட்டைத் துணிக்கு வந்திருந்தாள். எல்லாம் முடிந்ததும் நானா விரல் மடித்துக் கூட்டினார். இன்னும் எட்டுப் புள்ளி. எண்ணூறு ரூபாய். கடைக்காரர் ஒரு கதவைச் சாத்திவிட்டார்.

"நான் ஒரு சாரன் எடுக்கிறன்" என்றார் நானா.

"வேண்டாம் நானா. உங்கடை அலுமாரி நிறையச் சாரன்." கதிராமன் மனைவியின் பக்கம் திரும்பினான். "நீ ஒரு சீலை எடு."

"எனக்கென்னத்துக்கு? இருக்குத்தானே."

"இருக்கிறதை எண்ணிச் சொல்லு பாப்பம்."

அவள் எண்ணவில்லை. "அரிசிக் காசப்பா அது" என்றாள் மெதுவாக.

"பானையிலை இன்னும் நாலு நாளைக்குக் கிடக்கு. காலமை பாத்தனான். எடு."

யோகமலர் அடுக்கில் கைவைத்தாள். பழக்கதோஷம், கை நேரே மலிவுக்குத்தான் போனது. "இது எவ்வளவு?"

"அறுநூற்றைம்பது" என்றார் கடைக்காரர்.

"குறைச்சு..." என்று அவள் தொடங்க, கடை முழுக்க ஒரே சத்தம்.

"குறைக்காத புள்ள!" என்று நானா கத்தினார். "இண்டைக்குக் கூட்டிக் கேளு!"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. இருபது வருடக் குடித்தனத்தில் வாயில் வராத சொல். புருஷனைப் பார்த்தாள். அவன் சிரிக்காமல் நிற்பதற்குப் பட்ட பாட்டையும் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதைவிட விலை கூடினது காட்டுங்கோ" என்றாள்.

கடைக்காரர் மேல்தட்டிலிருந்து இறக்கினார். ஒன்று மாறி ஒன்று பார்த்தாள். அவசரமே படவில்லை. எல்லோரும் நின்றார்கள், குழந்தைகள்கூட. கடைசியில் மயில்நீலத்தில் ஒன்றை விரித்துத் தோளில் போட்டாள். எண்ணூற்று இருபத்தைந்து ரூபாய்.

அட்டை மெஷின் கொழும்புக்கு லைன் தேடி நேரமெடுத்தது. பிறகு கரகரவென்று துண்டைத் தள்ளியது. நானா கையெழுத்துப் போட்டார். பாக்கியரத்தினம் விசிலடித்தான். கதிராமன் நானாவின் தோளில் கையை வைத்தான், எடுக்க மறந்துவிட்டான்.

"நானா, அந்தச் சைக்கிளுக்குப் பின்னாலை கரியர் இருக்குமோ?" என்று யோகமலர் கேட்டாள்.

"படத்துல இருக்குப் புள்ள."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. இந்தச் சீலையோடை நான் முன் பாரிலை ஏறமாட்டன்."