தண்ணீருக்குள் முழுசாக

ஓரகத்திகள் இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறார்கள் என்றால் கேட்பவர்கள் நமுட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள். சின்னவள் மருந்தைச் சுமந்து செல்லும் நுண்துகள்களைத் தயாரிப்பவள். மூத்தவள் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் பொறுப்பு. வீட்டில் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர்.

சின்னவளின் துகள்கள் கொழுப்பால் ஆனவை; வெண்ணெய் போல மெத்தென்றிருப்பவை. உலர்த்திப் படமெடுத்தால் மிதிபட்ட திராட்சை மாதிரி நசுங்கித் தெரிந்தன. தண்ணீரில் உருண்டையாகத்தான் இருக்கின்றன என்று அவள் தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியும் கூடத்தில் யாரும் நம்பவில்லை. தண்ணீரோடு படம் எடுத்துக் காட்டு என்றார்கள்.

அக்காவிடம் போய்க் கேட்டாள். முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள் அக்கா. கருவிக்குள் காற்றே இருக்கக் கூடாது; ஒரு சொட்டு கசிந்தாலும் மாதக்கணக்கில் படுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்த பிறகும் சின்னவள் உம்மென்றே இருந்தாள்.

அடுத்த வாரம் அக்காவே அவள் மேசைக்கு வந்து நின்றாள்.

"இயக்குநர்கிட்ட பேசிட்டேன். ஏதாவது ஆச்சுன்னா என் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன். எடுத்துட்டு வா."

சின்னவள் துகள்கள் மிதக்கும் குப்பியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இரண்டு மெல்லிய சவ்வுகளுக்கு நடுவே துளியை அடைத்து உள்ளே செலுத்தினார்கள். கசியவில்லை. ஆனால் திரையில் துகள்கள் தெரிந்த மறுகணமே, எலக்ட்ரான் கற்றை பட்டுக் குமிழி கிளம்பியது. துகள்கள் உருக்குலைந்து போயின. இன்னொரு துளிக்கும் அதே கதி.

"போதும்க்கா, விட்டுடலாம்."

"கண்ணு கொட்டாம பாத்துப் பாத்தே அதுங்களைக் கொல்றோம். கொஞ்சம் தள்ளி உக்காரு."

அக்கா கற்றையின் வீரியத்தைக் குறைத்தாள். ஓர் ஓரத்தில் குவியத்தைச் சரிசெய்தாள். பிறகு கற்றையை மறைத்துவிட்டு, இதுவரை கற்றையே படாத பக்கத்து இடத்துக்கு நகர்த்தி, கற்றையை ஒரு கணம் மட்டும் திறந்து ஒரே ஒரு படம் எடுத்தாள்.

மணல் தூவினாற்போல் இருந்தது படம். அந்த மணலுக்கு நடுவே துகள்கள், உருண்டையாக, முழுசாக, தோளோடு தோள் உரசிக்கொண்டு மிதந்தன.

திரையைத் தொடப் போன சின்னவள் கையை இழுத்துக்கொண்டாள். கண் கலங்கியது. நன்றி என்பது வெளி ஆட்களிடம் சொல்கிற சொல்லாகப் பட்டது அவளுக்கு.

"அக்கா, நீங்க மட்டும் இல்லேன்னா..."

"சரி சரி, மூக்கைத் தொடை. இன்னும் நாலு படம் எடுக்கணும்."

சாயங்காலம் மாமனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, ரெண்டு பேர் மூஞ்சியும் இப்படிப் பளிச்சுனு இருக்கு?"

"இவ சொன்னது நெசம்தான் மாமா," என்றாள் அக்கா. "என் கண்ணால பாத்தேன்."

சின்னவள் சமையலறைக்குப் போனாள். அன்றைக்குப் பாத்திரம் தேய்ப்பது அக்காவின் முறை. பாத்திரங்களை இழுத்துப் போட்டு, மனசு நிறையத் தேய்க்க ஆரம்பித்தாள்.