விறகுப் பக்கத்து ஜன்னல்

லவினா வீட்டுச் சாவியால் தேன்பெட்டியை மூன்று முறை தட்டினாள். அதன் மேல் கறுப்புத் துணி போட்டாயிற்று. குடும்பத் தலைவர் இறந்தால் தேனீக்களிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு பறந்துவிடும்.

"அப்பா போய்ட்டாரு. இனிமே எஸ்ராதான் உங்களுக்கு எஜமான்."

அந்தப் பெயரைச் சொல்லச் சொன்னது அப்பாவேதான், நேற்று, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது. புல்லறுப்பை அப்படியே போட்டுவிட்டுப் பட்டாளத்துக்கு ஓடிய மகனின் பெயரை அதுவரை அவர் வாயில் எடுத்ததே இல்லை.

எஸ்ராவின் கடிதம் வந்தால் கோடரியோடு வெளியே போய்விடுவார். அம்மா சமையலறை ஜன்னலைத் திறந்து, "சத்தமா படிடி" என்பாள். லவினா தொடங்கியதும் விறகு வெட்டும் சத்தம் நிற்கும். முடித்த பிறகுதான் மறுபடி கேட்கும். பிடிவாதத்துக்கென்றே பிறந்த மனிதர்.

"நான் கேட்டேன்னு அவனுக்கு எழுதின, அப்புறம் இருக்கு உனக்கு" என்று ஒருநாள் மிரட்டினார். லவினாவும் எழுதவில்லை.

பக்கத்துப் பண்ணை டபிதா கடிதத்தோடு வந்தாள். "தபாலாபீஸ்ல கிடந்துச்சு. சவப்பெட்டிய மூடறதுக்குள்ள படிச்சிடு, அவரும் கேக்கட்டும்."

முன்னறையில், அப்பாவின் தலைமாட்டில் நின்று லவினா பிரித்தாள்.

'அக்கா, நாங்கள் முற்றுகையிட்டிருக்கும் விக்ஸ்பர்க் நகரம் இன்னும் விழவில்லை. பகலெல்லாம் பள்ளத்தில் கிடக்கிறோம், தலையைத் தூக்கினால் தோட்டா. ஊருக்குள்ளே கோவேறு கழுதையைத் தின்கிறார்களாம். ராத்திரி எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் காப்பித்தூள் கேட்டான், புகையிலைக்கு மாற்றிக்கொண்டோம். அப்பாவைப் பற்றி இனி விசாரிக்க மாட்டேன். என் பெயரைக் கேட்கவே பிடிக்காதவரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?'

லவினாவுக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

"நான் ஒரு வரி எழுதியிருக்கலாம்மா. அவர் திட்டினா திட்டிட்டுப் போறாருன்னு எழுதியிருக்கலாம்."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தாள்.

"அங்க யாரு இருக்கா?" என்றாள் டபிதா. "மனுஷன் இங்கல்ல இருக்காரு!"

"இங்க வந்து படிடி லவினா" என்றாள் அம்மா. "சத்தமா."

வெளியே, அப்பா விட்டுப்போன கட்டையில் கோடரி பாதி இறங்கி நின்றது. லவினா ஜன்னலருகே போய் முதலிலிருந்து படித்தாள்.