கோட்டுப் பைக்கு ஒரு துப்பாக்கி

துப்பாக்கிக் கடைக்கு என் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். சிரிக்க வேண்டாம், எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். பையில் வைத்துக்கொள்ளும் துப்பாக்கியை அந்தப் பையில் போட்டுப் பார்க்காமல் வாங்குவது, காலை நுழைத்துப் பார்க்காமல் செருப்பு வாங்குகிற மாதிரி. சாம்பல் நிறக் கோட்டு. சலவைக்காரன் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு நான் நுழைந்ததும் மார்லா ப்ரூவிட் கவுண்டருக்குப் பின்னாலிருந்து, "என்ன ஹார்லன் மாமா, கல்யாணத்துக்கா கிளம்பிட்டீங்க?" என்றாள். பன்னிரண்டு வருஷம் நான் ஓட்டின பள்ளிக்கூட பஸ்ஸில் வந்தவள். இப்போது முப்பத்தைந்து வயது, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. அவள் அப்பாவுக்குப் பிறகு கடை அவளுடையது.

எங்கள் சர்ச் சபையில், ஆராதனை நேரத்தில் துப்பாக்கியோடு யாரும் புகுந்துவிடாமல் வாசல் பார்க்கிற ஆட்கள் ஆறு பேர், அதில் நானும் ஒருவன். வெர்னன் ஹாப்ஸ் எங்களுக்குத் தலைவர். தலைவர் என்று அவரே சொல்லிக்கொண்டார், யாரும் மறுக்கவில்லை. வாசலில் நிற்கிறவன் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று வசந்த காலத்தில் ஒரு சட்டம் போட்டார். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனதிலிருந்து இடுப்பில் எதையும் இறுக்கிக் கட்ட முடியாது. அதனால்தான் கோட்டுப் பை.

மார்லா கண்ணாடி மேஜை மேல் ஒரு பச்சைத் துணியை விரித்து மூன்றை எடுத்து வைத்தாள். முதலாவது அஞ்சு தோட்டா ரிவால்வர். விசையை இழுத்துப் பார்த்தேன், விரல் பாதியிலேயே நின்று நடுங்கியது. எனக்கு மூட்டுவாதம். கட்டைவிரலின் அடிமூட்டு புடைத்து நிற்கிறது, குளிர்காலத்தில் ஜாடி மூடியைக்கூடத் திறக்க முடியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாவது கொஞ்சம் பெரியது. மூன்றாவது தட்டையாக, பர்ஸ் அளவுக்குத்தான் இருந்தது. பார்த்த உடனே எனக்கு அதுதான் பிடித்தது.

"சின்னதா இருக்கேன்னு ஏமாறாதீங்க மாமா. எவ்வளவுக்குச் சின்னதோ அவ்வளவுக்கு முரண்டு பிடிக்கும். உள்ள ஸ்ப்ரிங் கல்லு மாதிரி. சுட்டா கையையே பிடுங்கும்" என்றாள் மார்லா. தோட்டா அடுக்குகிற மேகசினை உருவி, மேலிருக்கிற ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று எனக்குக் காட்டிவிட்டுக் கையில் கொடுத்தாள்.

இதில் ஒரு முறை உண்டு. கொடுக்கிறவர் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார், அதை நாமும் கண்ணால் பார்க்கிறோம். இருந்தாலும் கைக்கு வந்ததும் நாமே ஒரு தரம் இழுத்துப் பார்க்க வேண்டும். போதகரே கொடுத்தாலும் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் இது சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணுவது மாதிரி. நான் இழுத்தேன். அது அசையவே இல்லை. கையை மாற்றிப் பிடித்து இன்னொரு தரம் இழுத்தேன். முழங்கை வரைக்கும் வலி ஏறியது.

"பாக்கலையா மாமா?"

"நீதான் பாத்துட்டியே. உன்னை நம்பாம வேற யாரை நம்புறது?"

அவள் முகம் சட்டென்று மாறியது. புரிந்துகொண்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு இரண்டாவதை என் பக்கம் தள்ளினாள். "இதுல ஸ்லைடு வெண்ணெய் மாதிரி வரும். கை வலி உள்ளவங்களுக்குன்னே பண்ணினது. பின்னாடி வாங்க, பத்து ரவுண்டு சுட்டுப் பாக்கலாம்."

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் தோட்டா அலமாரிப் பக்கம் நின்றிருந்த வெர்னனுக்குக் காது கூர்மை. "அடேங்கப்பா! எங்க மாமியார் வச்சிருக்கிறது அதே சாமான்தான்யா! கைப்பைக்குள்ள தைலத்தோட சேர்த்துப் போட்டு வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கடையே அதிரச் சிரித்தார். கூட இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான் இன்னும் கேவலம். "சின்னதையே கட்டிக் கொடு. சுட்டெல்லாம் பாக்க நேரமில்ல" என்றேன். அறுபத்தேழு வயது ஆளுக்கு வந்த ரோஷத்தைப் பாருங்கள்.

கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்தேன். மார்லா ஒரு துணி உறை கொடுத்திருந்தாள். பைக்குள்ளே விசையை மூடிக்கொள்கிற உறை, விரல் தவறிப் படக் கூடாது என்பதற்காக. உறையோடு போட்டால் பை லேசாக உப்பித் தெரிந்தது, உறையில்லாமல் போட்டால் ஒன்றுமே தெரியவில்லை. "உறை இல்லாம வைக்கவே கூடாது மாமா, சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். வீட்டுக்கு வந்து உறையைத் துண்டு வைக்கிற இழுப்பறைக்குள் போட்டேன்.

ஸ்லைடு வீட்டிலும் வரவில்லை. அதைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். இழுக்காவிட்டால் மேகசினில் ஆறு தோட்டா இருந்தும் துப்பாக்கி வெறும் இரும்புத்துண்டு. கார் ஷெட்டில் மேஜை விளிம்பில் முட்டுக்கொடுத்து இழுத்தேன், தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இழுத்தேன். துணி எடுக்க வந்த என் மனைவி நெல்டா வாசலிலேயே நின்று அவ்வளவையும் பார்த்திருக்கிறாள். காலுறை மில்லில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள். வந்தாள், வாங்கினாள், ஒரே இழுப்பு. ஸ்லைடு போய் வந்தது.

"இதுக்குத்தானா இவ்வளவு மல்லுக்கட்டு?" என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்ததும் அவள் இழுத்துத் தருவாள், நான் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வேன். மத்தியானம் திரும்பி வந்ததும் அவளே தோட்டாவை எடுத்துவிடுவாள். "நான் சாவி கொடுக்கிறேன், நீ போய் வாசல்ல சேவல் மாதிரி நில்லு" என்பாள். ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டிருந்தேன், போகவில்லை. சபையில் அவள் பாடகர் வரிசையில் நின்று பாடும்போது என் பக்கம் பார்ப்பாள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். அவள் கையால் வாங்கின வீரத்தை வைத்துக்கொண்டு நான் வெர்னனுக்குச் சமமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தேன்.

செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு, துண்டு எடுக்க இழுப்பறையைத் திறந்தவள் கையில் அந்த உறையோடு வந்தாள்.

"இது இங்க இருக்குன்னா அது பைக்குள்ள எப்படி இருக்கு?"

"சும்மாதான் இருக்கு. யாருக்கும் தெரியாது."

"தெரியுறதைப் பத்தியா நான் கேக்குறேன்? தோட்டா ஏத்தின துப்பாக்கியை வெறும் பையில போட்டுக்கிட்டு, சாவி எடுக்கிற மாதிரி கையை விட்டு விட்டு எடுக்கிறியே. உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? உறையில போடு, இழுத்துத் தரேன். இல்லன்னா அப்படியே கொண்டு போ."

மன்னிப்புக் கேட்டு அதை வாங்கி மாட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிஷம்கூட ஆகாது. நான் குழல் காலியாக இருந்த துப்பாக்கியை வெடுக்கென்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன். நெல்டா பாட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டாவது பாட்டு முடிகிற நேரம். கதவுக்குப் பக்கத்தில் நான் மட்டும் நின்றிருந்தேன், வெர்னன் நடுப்பாதையின் அந்தக் கோடியில். கதவைத் தள்ளிக்கொண்டு ஒருத்தன் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம், கண் இரண்டும் சிவந்து கிடந்தன. அந்த வெயிலிலும் கனமான கம்பளிச் சட்டை, முழங்கை வரைக்கும் மரத்தூள். ஊரில் பார்த்த ஞாபகம் இல்லை. உட்காரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. மேடையையும் பாடகர் வரிசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நெல்டா அந்த வரிசையில் இருந்தாள். வெர்னன் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நீதான் பக்கத்தில் இருக்கிறாய் என்று அர்த்தம்.

நான் அவன் முன்னால் போய், "தம்பி, என்ன வேணும்?" என்றேன்.

 அவன் சட்டென்று வலது கையைச் சட்டைக்குள் விட்டான்.

அடுத்து நடந்ததை நான் யாருக்கும் சொன்னதில்லை. என் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்கக்கூட இல்லை. துணிக்குள்ளேயே அவன் வயிற்றைப் பார்த்துத் திருப்பி விசையை இழுத்தேன். கடையில் பாதியில் நின்று நடுங்கிய அதே விரல்தான், அன்றைக்கு ஒரு தடையும் இல்லாமல் கடைசி வரைக்கும் போனது. உள்ளே 'டிக்' என்று சின்னச் சத்தம். பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள், யார் காதிலும் விழவில்லை.

அவன் கை வெளியே வந்தது, அதில் ஒரு கடித உறை. உள்ளேயிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குழந்தை. மூக்கில் குழாய், தலையில் ஒரு ஆரஞ்சுப்பழம் அளவுக்குக் குல்லா.

"மூணு பவுண்டுதான் இருக்கா சார். வியாழக்கிழமை பிறந்தா. ரெண்டு மாசம் முன்னாடியே வந்துட்டா. நாக்ஸ்வில் ஆஸ்பத்திரியில அவ அம்மாவும் அவளும். நான் மரமில்லுல ராத்திரி வேலை முடிச்சு நேரா வரேன், இந்தச் சட்டையோட உள்ள வர ஒரு மாதிரியா இருக்கு. பேரை மட்டும் போதகர்கிட்ட சொல்லி ஜெபத்துல சேர்த்துருவீங்களா?"

 சரி என்று தலையை ஆட்டினேன். அவன் பேர் ஜாரல் சைஸ்மோர், குழந்தைக்கு வில்லா என்று பேர் வைத்திருந்தார்கள். கையைப் பைக்குள் வைத்தபடி மேடை வரைக்கும் நடக்க எனக்குத் தைரியம் இல்லை, பக்கத்தில் நின்றுகொண்டு போதகர் எல்ரிட்ஜுக்குச் சைகை காட்டினேன். அவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார், கேட்டார், போட்டோவைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. சபையைப் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார். முன்வரிசையில் இரண்டு பெண்கள் "ஐயோ, கர்த்தாவே" என்றார்கள்.

இதற்குள் வெர்னன் என் பின்னால் வந்து நின்று காதோரமாக, "பலே ஆளுய்யா நீ. அவன் கை உள்ள போச்சு பாரு, நானா இருந்தா உருவியிருப்பேன். நீ அசையல. அதுதான் அனுபவம்" என்றார். முதுகில் ஒரு தட்டும் தட்டினார்.  நெல்டாவைப் பார்த்தேன். கையில் பாட்டுப் புத்தகம், முகம் வெளுத்திருந்தது. காலையில் போட்ட சண்டையால் என்னை ஆயுதமில்லாமல் நிற்க வைத்துவிட்டோமே என்று அவள் தவித்துக்கொண்டிருந்திருக்கிறாள். உதட்டை அசைத்து, சத்தம் வராமல், 'மன்னிச்சுக்கோ' என்றாள். என்னிடம் போய். அவள் காலையில் அந்த உறையைப் பார்க்காமல் இருந்திருந்தால், வழக்கம்போல் இழுத்துக் கொடுத்திருந்தால், அந்த மனுஷன் இப்போது தரையில் கிடந்திருப்பான், போட்டோ கையிலேயே இருந்திருக்கும். இதை அவளுக்கு எப்படிச் சொல்வது? இன்று வரைக்கும் தெரியவில்லை.

எங்கள் சபையில் யாராவது ஜெபம் கேட்டு வந்தால் பக்கத்தில் நிற்கிறவர்கள் அவர் மேல் கை வைக்க வேண்டும். தூரத்தில் இருக்கிறவர்கள் முன்னால் இருக்கிறவர் தோளில் வைப்பார்கள், அப்படியே அறை முழுக்க ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டு நிற்போம். பெஞ்சுகளிலிருந்து எல்லோரும் எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். ஜாரல் தலையைக் குனிந்துகொண்டான், அவன் தோள்களிலும் மரத்தூள்.

"ஹார்லன், உங்ககிட்டதானே முதல்ல வந்தாரு" என்றார் போதகர். "நீங்களே கை வச்சு ஜெபம் பண்ணுங்க."

என் வலது கை இன்னும் பைக்குள்ளேதான் இருந்தது. விரல் விசையைச் சுற்றி மடங்கினது மடங்கினபடி பிடித்துக்கொண்டிருந்தது, மூட்டு விட்டுக்கொடுக்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தார்கள். இடது கையால் பையை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு விரலை ஒவ்வொன்றாக விடுவித்தேன். கை வெளியே வந்தது. அதை அவன் தோளில் வைத்தேன். கம்பளிக்குக் கீழே எலும்பு தட்டுப்பட்டது, நல்ல சூடாக இருந்தது.

"ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு தரம் "ஆண்டவரே" என்றேன். என் கை நடுங்க ஆரம்பித்தது, அவன் தோளும் சேர்ந்து ஆடுகிற அளவுக்கு. வயசானவர் நமக்காக இவ்வளவு உருகுகிறாரே என்று அவன் நினைத்திருக்க வேண்டும். கண்ணைத் திறக்காமலே தன் கையை எடுத்து, மரத்தூள் படிந்த அந்தக் கையை, என் கை மேல் வைத்து அழுத்திக்கொண்டான்.