கூடுதல் தாள் இரண்டு

உயிரியல் ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ஒரே விலை'. போட்ட மார்க் போட்டதுதான். அரை மார்க்குக்காக எவன் வந்து பல்லைக் காட்டினாலும், கண்ணைக் கசக்கினாலும், "அடுத்த கடையைப் பாரு" என்று அனுப்பிவிடுவார். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். அந்தப் பட்டப்பெயர் காதில் விழும்போதெல்லாம் கேட்காத மாதிரி நடந்து, மூலை திரும்பியதும் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

விடைத்தாள் திருத்துவதிலும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கூடுதல் தாள் கட்டிய விடைத்தாள் மேசையில் படிந்து உட்காராது, முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் நூலையெல்லாம் அவிழ்த்து, முதல் தாள்களை ஓர் அடுக்காகவும் கூடுதல் தாள்களை இன்னோர் அடுக்காகவும் வைத்துத் திருத்துவார். முடித்ததும் அதே வரிசையில் சேர்த்துக் கட்டுவார். வரிசை மாறாது என்று அவருக்கு அப்படியொரு நம்பிக்கை.

ஆண்டுத் தேர்வில் தையல்காரர் மகளுக்கு முப்பத்தொன்று வந்தது. தேற முப்பத்தைந்து வேண்டும். மற்ற பாடங்களில் குறையில்லை. இதில் மட்டும் தேறிவிட்டால் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் இடம் உறுதி. ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், நான் கூடுதல் தாள் ரெண்டு வாங்கினேன் சார். ஒன்பதாவது, பத்தாவது கேள்வி அதுலதான்..."

"வாங்கினவங்க எல்லாம் எழுதிட்டாங்களா?"

"எழுதினேன் சார். ஒரு தடவை கட்டைப் பிரிச்சுப் பாருங்க சார்."

"உனக்குப் பிரிச்சா ஊருக்கே பிரிக்கணும். போம்மா."

பக்கத்து நாற்காலியில் கணக்கு வாத்தியார் சிரித்தார். "போயும் போயும் உங்ககிட்ட பேரம் பேச வந்திருக்கு பாருங்க." அந்தச் சிரிப்பு உயிரியலாருக்கு இனித்தது.

ஐந்து வாரம் கழித்து, பழைய கட்டுகளைக் கிடங்குக்கு அனுப்புமுன் தாள் எண்ணும் வேலை வந்தது. கால்பந்து அணியின் 'கேப்டன்' எழுதிய விடைத்தாள் விருந்து சாப்பிட்ட வயிறு மாதிரி புடைத்திருந்தது. நாலு வரி எழுதினால் கை வலிக்கும் என்கிற ஆள் அவன். பிரித்துப் பார்த்தார். இதயத்தைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு இரண்டு விடைகள். ஒன்று அவனுடைய கிறுக்கல். இன்னொன்று வரி பிசகாமல், படம் வரைந்து எழுதியது. இரண்டுக்கும் தாராளமாக மார்க் போட்டிருந்தார். அந்த நல்ல கையெழுத்துத் தாள்கள் இரண்டின் தலையிலும் தையல்காரர் மகளின் தேர்வு எண் பளிச்சென்று இருந்தது. பத்தாவது விடையும் சேர்த்து அவள் தாள்களுக்கு மட்டும் இருபத்திரண்டு மார்க்.

விஷயத்தைக் கேட்டதும் தலைமையாசிரியை எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இவளுக்கு ஏத்தினா அவனுக்கு இறக்கணும். நாப்பத்தேழுல இருபத்திரண்டு போனா?"

"இருபத்தஞ்சு மேடம்."

"பாஸான பையனை இப்ப ஃபெயிலாக்கிட்டு அவங்க அப்பாகிட்ட யாரு பேசுறது? நீங்களா? இவளுக்குக் கருணை மார்க்னு நாலு போட்டு முடிங்க. ரெண்டு வீடும் சிரிச்சுட்டுப் போகும்."

"அவ வாங்கினது அம்பத்திமூணு மேடம்."

"இத்தனை நாள் எங்க சார் போயிருந்துச்சு இந்த நியாயம்?"

உயிரியலார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திருத்திய மார்க்கோடு பயிற்சிப் பள்ளிக்கும் அவரே போனார். அங்கிருந்த எழுத்தர் கடிதத்தைப் பாதியிலேயே மடித்துவிட்டார். "வகுப்பு ஆரம்பிச்சு ரெண்டு வாரமாச்சு. அந்த இடத்துல வேற பொண்ணு உக்காந்திருக்கு. எந்திரின்னு சொல்லட்டுமா? அடுத்த வருஷம் வரச் சொல்லுங்க."

தையல் கடையில் அவள் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் எழுந்து, துணிகளை ஒதுக்கி முக்காலியைத் துடைத்துப் போட்டார். ஆசிரியர் உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி, தாள்களை நீட்டினார்.

தையல்காரர் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அப்ப இவ எழுதியிருக்கா?"

"எழுதியிருக்காங்க."

"எழுதினேன் எழுதினேன்னு அன்னிக்குக் கத்தினா சார். வாத்தியார் ஏண்டி பொய் சொல்லப் போறாருன்னு நான்தான்..." முடிக்கவில்லை. தாள்களைப் பொத்தான் டப்பா மேல் வைத்துவிட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டார்.

மகள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு நாள் அப்பா என்கூடப் பேசவும் இல்ல, சாப்பிடவும் இல்ல சார். நாலாவது நாள், ஆமாப்பா, எழுதலைன்னு ஒத்துக்கிட்டேன். அப்புறம்தான் சாப்பிட்டார். கொஞ்ச நாள்ல எனக்கே அப்படித்தான் தோண ஆரம்பிச்சிருச்சு. எழுதின மாதிரி கனவு கண்டிருப்பேன்னு."

"அடுத்த வருஷம் கட்டாயம் இடம் கிடைக்கும்மா. நானே வந்து அப்பாகிட்ட சொல்றேன்."

"நீங்க சொன்னா நம்புவார் சார். எனக்கு அதான் பயமா இருக்கு."

ஆசிரியர் திரையைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்.

"கிளம்புங்க சார்," என்றாள் தணிந்த குரலில். "நீங்க இருக்கற வரைக்கும் அவர் வெளிய வரமாட்டார்."