நீர்யானைகளுக்கு நடுவே ஒருவர்

இதனால் சகல பெற்றோர்களுக்கும், கல்வியாளர்களுக்கும், இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: 1997ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு, திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தின் பின்புறச் சந்தில், ஓட்டுக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிற ஒரு கட்டடத்தில், மனிதகுலம் நிஜ உலகத்தைக் கைகழுவிவிட்டு அடுத்த உலகத்துக்குள் காலெடுத்து வைத்தது. காலெடுத்து வைத்தவர்களின் சராசரி வயது நாலே முக்கால்.

ஏறக்குறைய இந்தச் சொற்களில்தான் ராஜையன் அதை வாசித்தார். அவர் ஞானதீபம் கிண்டர்கார்டனின் டைரக்டர். முப்பத்தொரு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கோப்புக்குக் கோப்பு குறிப்பெழுதி ஓய்வுபெற்றவர். அவரை டைரக்டராக நியமித்தது யாரென்று எவருக்கும் தெரியாது. போர்டு எழுதியவனாக இருக்கலாம்.

யு.கே.ஜி. டீச்சர் சுசீலாபாய் பக்கத்தில் அந்த அடுத்த உலகத்தை அட்டைப்பெட்டியோடு ஏந்திக்கொண்டு நின்றாள். தரையில் இருபத்தாறு பிள்ளைகள். இரண்டாவது வரிசையில் அவளுடைய மகள் ரெம்யா, ஒரு பக்கம் அவிழ்ந்த ரிப்பனைச் சூப்பிக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் இருந்தது கறுப்புப் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று. முகத்தில் மாட்டிக்கொள்ள எலாஸ்டிக் வார். இரண்டு பேட்டரி போட்டால் உள்ளே ஒரு பல்பு எரியும். வலது பக்கத்துக் குமிழை இழுத்தால் வட்டத் தட்டு ஒன்று சுழன்று அடுத்த படம் வரும். ஏழு படம் முடிந்தால் முதல் படமே திரும்ப வரும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் பெட்டியின் மேல் தங்க எழுத்தில் ‘விர்ச்சுவல் ரியாலிட்டி’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. துபாயிலிருந்து மருமகன் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கே ராஜையன் அந்த எழுத்தில் விழுந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை.

தட்டில் ஒரு சிறு குறை இருந்தது. ஏழு படத்தில் ஒன்று வெளிநாட்டுக் கடற்கரை. அதில் நாலைந்து வெள்ளைக்கார மதாம்மாக்கள் கடலுக்குத் தேவையான அளவு மட்டும் உடுத்து நின்றார்கள். டைரக்டர் அந்தப் படத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் ஆராய்ந்து, இளம் உள்ளங்களுக்கு இது ஆகாது என்ற முடிவுக்கு வந்தார். உடனே தம்பானூர் பிச்சைக்கனி ஸ்டுடியோவில் சொல்லி நம்மூர்ப் படங்கள் வைத்து வேறு தட்டு செய்யச் சொன்னார். சங்குமுகம் கடற்கரை, மியூசியம், மிருகக்காட்சிசாலைப் புலி, நீர்யானைகள். மதாம்மாக்கள் இருந்த இடத்தில் நீர்யானைகள் வந்தன. பண்பாடு பிழைத்தது.

இருந்தாலும் இந்தக் கருவி பச்சைப் பிள்ளைகளுக்கு ஏற்றதா இல்லையா என்று ஆராய மூவர் குழு போடப்பட்டது. தலைவர் ராஜையன். விஞ்ஞானத்துக்கு வலியசாலை சேஷன், ஓய்வுபெற்ற பௌதிகப் பேராசிரியர். மனத்தத்துவத்துக்கு ஸ்ரீகண்டன், அதைத் தபாலில் படித்தவர். மூன்று பேரும் கருவியைக் கையில் பிடித்து முறையாகப் பரிசோதித்தார்கள். பரிசோதிக்கும்போது மூவருக்கும் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. சுசீலாபாயும் பார்த்தாள். அவளுக்கும் கோணியது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“பேஷ்! தத்ரூபமா இருக்கே ஓய்” என்றார் சேஷன்.

“சைல்டுக்க மைண்டு அங்ஙன விரியும் சார், பூ போல” என்று ஸ்ரீகண்டன் கைவிரல்களை விரித்துக் காட்டினார்.

பிறகு பிள்ளைகளின் முறை. ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்று. ரெம்யாவுக்கு மாட்டிவிட்டபோது அவள் குமிழை மடமடவென்று இழுத்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். பிறகு இழுக்கவே இல்லை.

“பாத்து தீந்துதுன்னா குடு மக்ளே. சுபின் காத்து நிக்குகான்.”

ரெம்யா கண்ணாடியைக் கழற்றி, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக் குனியவைத்து, காதுக்குள் சொன்னாள்: “அம்மா, எனக்க அப்பா இதுக்குள்ள ஒறங்குகாரு.”

வேறு யாருக்கும் கேட்டிருக்குமா என்று சுசீலாபாய் திரும்பிப் பார்த்தாள்.

ரெம்யாவின் அப்பா நேசமணி இறந்து இரண்டரை வருஷம் ஆகிறது. மஞ்சள் காமாலை. ஷார்ஜாவுக்கு விசா வந்து, பெட்டி கட்டி, பெட்டியின் மேல் பெயரும் எழுதி, புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது போய்விட்டான். அன்றைக்கு ரெம்யாவுக்கு இரண்டு வயது. அப்பா எங்கே என்று அது கேட்டபோது, கட்டிய பெட்டியைப் பார்த்துக்கொண்டே சுசீலாபாய் சொன்ன ஒரு வார்த்தை, “கல்ஃபுக்குப் போயாச்சு மக்ளே.” அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எத்தனை சொல்ல வேண்டியிருந்தது! அப்பா அனுப்பிய சாக்லேட், அப்பா அனுப்பிய பென்சில் பெட்டி, எல்லாம் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் வாங்கியவை. பிள்ளை பெரிதாகட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு பிறந்தநாளையும் தள்ளிக்கொண்டே வந்தாள். அடக்கத்தன்று எடுத்த போட்டோ ஆல்பத்தைக் கல்யாணப் புடவையில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தாள்.

அவள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். சேற்றில் மூன்று நீர்யானைகள். வேறொன்றுமில்லை. பல்பைத் தட்டிவிட்டுத் திரும்பப் பார்த்தாள். மூன்று நீர்யானைகள்.

“எங்க மக்ளே?”

“நீர்யானைக்க நடுவில.”

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். “என்ன உடுப்பு போட்டிருக்காரு?”

“கல்யாண கோட்டு. வீட்டுப் படத்தில போட்டிருக்கது.”

அந்தக் கோட்டைப் போட்டுத்தான் நேசமணியை அடக்கம் செய்தார்கள். அவர்கள் சபையில் ஆண்களுக்கு அதுதான் வழக்கம், கல்யாணக் கோட்டு மறுமுறை வெளியே வருவது அன்றைக்குத்தான். அது அங்கே நின்ற பெரியவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் பால்சோறு தின்றுகொண்டிருந்த இரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அன்று பிற்பகல் சுபின் வந்து கேட்டான்: “டீச்சரே, ஆ அங்கிள் ஆரா?” முன்வரிசை ஆர்ஷா அவன் வாயைப் பொத்தினாள். “மிண்டாதேடா. அங்கிள் உறங்ஙுவாணு.”

செவ்வாய்க்கிழமை முதல் வகுப்பில் சத்தம் அடங்கியது. பென்சிலுக்கு அடிதடி இல்லை, மூக்கைச் சிந்திக்கொண்டு புகார் சொல்ல யாரும் வரவில்லை. கண்ணாடியைப் பூட்டி வைத்த இரும்பு அலமாரியைத் தாண்டும்போது இருபத்தாறு பிள்ளைகளும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தன. காலை ஜெபத்தைக் கிசுகிசுவென்று சொல்லின. வெளியே மழை கொட்டியது, ரயில் ஊதியது, உள்ளே மூச்சு விடுகிற சத்தம் மட்டும். புதன்கிழமை அலமாரியின் காலடியில் ஒரு செம்பருத்திப் பூ கிடந்தது. யார் வைத்தது என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் சுசீலாபாயையே பார்த்தன. வியாழக்கிழமை அதே இடத்தில் டிபன் பாக்ஸின் மூடியில் அரை இட்லி இருந்தது. மூடியில் ‘ரெம்யா’ என்று சுசீலாபாய் தன் கையாலேயே ஆணியால் கீறி எழுதியிருந்தாள்.

“அப்பா கல்ஃபுலேந்து எப்ப வந்தாரு?” என்று ரெம்யா கேட்டாள். “ஏன் நம்ம வீட்டுக்கு வரல்ல?”

சுசீலாபாய் மூடியைக் கழுவப் போனாள். அதைக் கழுவ அவளுக்கு அன்றைக்கு வெகுநேரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குழு மறுபடி கூடியது. கரண்ட் இல்லை. இருட்டில் மூன்று சட்டைகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. வகுப்பின் நிசப்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு ராஜையன் கண்ணை மூடிப் பரவசப்பட்டார்.

“வாண்டுகள் இப்படிப் பெட்டிப் பாம்பாட்டம் உக்காந்து நான் பார்த்ததே இல்லை ஓய்” என்றார் சேஷன். “நம்ம காலேஜுக்கு இதுல ஒரு டஜன் வாங்கியிருந்தா நான் இன்னும் அஞ்சு வருஷம் சர்வீஸ்ல இருந்திருப்பேன்.”

“கான்சென்ட்ரேஷன் சார்! ஞான் பறஞ்சில்லே?” என்றார் ஸ்ரீகண்டன்.

“சார்” என்றாள் சுசீலாபாய். “பிள்ளைய பயந்து பேடிச்சு இருக்குதுவ.”

“பேடியா? அது அச்சடக்கம் டீச்சர், டிசிப்ளின். நீங்க பள்ளிக்கூடத்தில கண்டிருக்க மாட்டிய, அதனாலயாக்கும் தெரியல்ல.” ராஜையன் டைப் அடித்த தாளை நீட்டினார். ‘நான்கு வயதும் அதற்கு மேற்பட்டதுமான குழந்தைகளுக்கு முற்றிலும் ஏற்றது.’ கீழே மூன்று கையெழுத்து ஆகியிருந்தது. நாலாவதாக, வகுப்பு ஆசிரியையுடையது மட்டும் பாக்கி.

“திங்கக்கிழமை போட்டுத் தாறேன் சார்” என்று சொல்லி, அலமாரியைத் திறந்து, கண்ணாடியைப் பெட்டியோடு பைக்குள் வைத்துக்கொண்டு, ரெம்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

பிச்சைக்கனி திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். தம்பானூரில் இறங்குகிற பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட் படம் எடுப்பது அவர்தான். ஸ்டுடியோவின் பின்சுவர் முழுக்க ஒரு ஆகாய விமானம் வரைந்திருந்தது. அதன் முன்னால் போட்டிருந்த ஸ்டூலில் ரெம்யா ஏறி உட்கார்ந்தாள்.

“இதுக்குள்ள என்ன வச்சிய?” என்று சுசீலாபாய் கண்ணாடியை அவர் முன்னால் வைத்தாள்.

“ஏழு படம் டீச்சர். சார்வாள் சொன்ன அதே ஏழுதான்.” பிச்சைக்கனி தலையைச் சொறிந்தார். “பொறவு பாத்தா தட்டுல பதினாலு ஓட்டை இருக்கு. ஒரு படத்துக்கு ரெண்டு ஓட்டை, வலது கண்ணுக்கு ஒண்ணு, இடது கண்ணுக்கு ஒண்ணு. எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு பிரதி போட்டேன். நீர்யானை ஒண்ணு மட்டும் கழுவுறப்போ வீணாப் போச்சு. சரி, இடது பக்கம்தானன்னு சும்மா கெடந்த ஸ்லைடு ஒண்ணை வெட்டிச் சொருவிட்டேன்.”

“இடது பக்கம்தானன்னா?”

“முப்பது வருசமா காமிராவுல ஒத்தக் கண்ணால பாக்கேன் டீச்சர். ஓட்டையில கண்ணை வச்சா இடது கண்ணு தானா மூடிக்கிடும். ரெண்டாவது ஓட்டைய ஸ்பேருன்னுல்லா நெனச்சேன்.”

சுசீலாபாய் கண்ணாடியை எடுத்தாள். அப்போதுதான் கவனித்தாள், முகத்துக்கு அருகே வந்ததும் தன் இடது கண் தானாக மூடிக்கொள்வதை, வாய் கோணுவதை. குழுவின் மூன்று வாய்களும் நினைவுக்கு வந்தன. இந்தச் சந்தில் இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தவர்கள் அந்த இருபத்தாறு பேர்தான்.

வலது கண்ணைக் கையால் பொத்தி, இடது கண்ணைத் திறந்தாள்.

நேசமணி இருந்தான். கண்ணாடிக்குள் எரிந்த பல்பின் மஞ்சள் வெளிச்சம் சந்தனப் பொட்டு போல அவன் நெற்றிக்கு மேல். முகமும் கோட்டின் மார்பும் மட்டும். சவப்பெட்டியின் ஓரங்கள் கத்தரிக்குப் போயிருந்தன. சுற்றி நின்ற உறவினர்கள் இடுப்புக்கு மேல் இல்லை. வலது கண்ணைப் பொத்தாமல் பார்த்தபோது அந்த இடுப்புகளெல்லாம் நீர்யானைகளாயின. அவற்றின் நடுவே அவன் உறங்கினான். இரண்டரை வருஷமாகப் புடவையில் சுற்றிப் பூட்டிக் கிடந்தவன், துபாயிலிருந்து வந்த பெட்டியில் வந்து சேர்ந்திருந்தான்.

பிச்சைக்கனியும் வாங்கிப் பார்த்தார். இந்த முறை இடது கண்ணால். “சபை ஆண்டு விழாவுல காலமானவங்களைக் காட்ட ஸ்லைடு போட்டதுல மிச்சம். ஆளைப் பாக்காம வெட்டிட்டேன் தாயி. அடக்கத்தன்னிக்கு எல்லாரும் நிக்க படம் எடுக்கும்போது, மொகம் தெரியட்டும், பெட்டியக் கொஞ்சம் சரிச்சுப் பிடிங்கன்னு சொன்னதும் நான்தான்.” பிறகு மெல்ல, “எடுத்துரட்டா?”

“இருங்க.”

அவள் ஸ்டூலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். மகளின் தலைக்குப் பின்னால் விமானம் மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

“மக்ளே, அப்பா கல்ஃபுக்குப் போகல்ல.”

ரெம்யா காலை ஆட்டுவதை நிறுத்தினாள்.

“பெட்டி கட்டினாரு. தீனம் வந்துது. போகல்ல. ஒறங்கவும் இல்ல. அப்பா மரிச்சுப் போயாச்சு. அம்மா ஒனக்கிட்ட கள்ளம் பறஞ்சேன்.”

அவள் ரிப்பன் நுனியை வாயில் வைத்துச் சூப்பினாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள் ரெம்யா.

“எப்பிடி?”

“ஒறங்குகவங்க கோட்டு போடமாட்டாங்கன்னு ஆர்ஷா செவ்வாக்கிழமையே பறஞ்சா.”

“பொறவு எதுக்கு மக்ளே இட்லி வச்சே?”

“நீதான் போயாச்சுன்னு பறஞ்சே. நீ பறஞ்சதும் செரியா இருந்தா, வந்தவருக்குப் பசிக்கும்லா?” அவள் ரிப்பனை வாயிலிருந்து எடுத்தாள். “இப்ப அந்தச் சாக்லேட்டு ஆரு தந்தது?”

சுசீலாபாய் பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டாள். பிச்சைக்கனி திரும்பி நின்று, தேவையில்லாமல் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.

திங்கட்கிழமை அவள் ராஜையனிடம், “ரெண்டு கண்ணையும் தொறந்து பாருங்க சார்” என்று சொல்லி நீர்யானைகளைக் காட்டினாள். ஸ்லைடை அவள் எடுக்கவிட்டிருக்கவில்லை. டைரக்டர் பார்த்தார். வாய் கோணவில்லை. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்து முடித்த பிறகு, ரிப்போர்ட்டை ஏற்கெனவே மூன்று பிரதி டைப் அடித்தாகிவிட்டது என்றும், அதில் திருத்தம் செய்ய வேறு குழுதான் போட வேண்டும் என்றும் தெரிவித்தார். நாலாவது கையெழுத்து விழாமலே அது சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டது. அலமாரிக்குள் உறங்குகிறவர் யாருமில்லை என்று ரெம்யா சொன்னதும் வகுப்பில் சத்தம் திரும்பி வந்தது. அன்றைக்கே பென்சில் சண்டையில் சுபினுக்கு நெற்றி வீங்கியது.

சுசீலாபாய் அந்த ஒரு ஸ்லைடை உருவிப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பெட்டிக்குள் போட்டு மூடிக் கவிழ்த்து வைத்தாள். பெட்டியின் அடியில், ஆங்கிலத்திலும் அரபியிலும், எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று அச்சடித்திருந்தது.