அரிசி டின்னில் ஏழாம் வாசல்

அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டு வாரப் புத்தகத்தை அடியில் தள்ளினாள் செங்கம்மாள். மேலே அரிசியைப் பரப்பிச் சமன் செய்து மூடியை அழுத்தினாள். கூடத்தில் கட்டில் கிரீச்சிட்டது. கணவன் முனிகிருஷ்ணன் விழித்துவிட்டார் போல.

“தோ வந்துட்டேன்,” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

புத்தகத்தைச் சற்று முன்புதான் சுப்பிரமணி கொண்டுவந்து கொடுத்தான். அவனும் முனிகிருஷ்ணனும் பதினெட்டு வருஷமாகத் திருவள்ளூரிலிருந்து பெரம்பூர் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரே ரயில் பெட்டியில் போய் வந்தவர்கள். ஆறு வருஷமாக அந்தப் பத்திரிகையில் ஒரு மாயாஜாலத் தொடர்கதை. வெள்ளிக்கிழமை காலையில் முனிகிருஷ்ணன் உரக்கப் படிப்பார், பெட்டியே காது கொடுக்கும். சாயங்காலம் மணவாள நகர் வீட்டில் மறுபடியும் படிப்பார், எழுத்தே தெரியாத செங்கம்மாளுக்காக. கையில் மாவோடு அவளும் வாயைப் பிளந்து கேட்பாள்.

மந்திரவாதி கல்லாக்கிவிட்ட தன் நாட்டை மீட்கப் புறப்பட்ட இளவரசன் அமரகேது ஏழு வாசல்களைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவலன் இருப்பான், ஒன்றைக் காணிக்கையாகக் கேட்பான். வாசல் திறக்கிற வாரம் முனிகிருஷ்ணன் வெல்லமும் பொட்டுக்கடலையும் வாங்குவார். ரயிலில் எல்லோர் உள்ளங்கையிலும் வைத்துவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுவருவார். ராமாயணத்தில் பட்டாபிஷேகம் படித்தால் கொடுப்பதில்லையா, அதுபோல.

மூன்றாம் வாசல் அமரகேதுவின் குதிரையைக் கேட்டது. அந்த வாரம் இவர்களுடைய கறவைப் பசு செத்தது. செங்கம்மாள் சிரித்துத் தள்ளினாள். நாலாம் வாசல் தம்பியைக் கேட்டது. பத்தே நாளில் முனிகிருஷ்ணனின் தம்பி புதுவாயலில் லாரியில் அடிபட்டுப் போனான். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறாம் வாசல் அமரகேதுவின் குரலை வாங்கிக்கொண்டது. தை மாதம் முனிகிருஷ்ணனின் தொண்டையில் கட்டி என்று கத்தி வைத்தார்கள், அவர் குரல் போயிற்று. பங்குனியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

இந்த வாரம் ஏழாம் வாசல், கதையும் முடிகிறது என்று போன வாரமே போட்டிருந்தார்களாம். இனி அதற்குக் கொடுக்க அமரகேதுவிடம் என்னதான் மிச்சம் இருக்கிறது? உயிர் ஒன்றுதான். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனால் உயிரைக் கேட்கிற அந்த வார்த்தை இந்த வீட்டுக்குள் ஒருத்தர் வாயால் வரக்கூடாது என்று இருந்தது அவளுக்கு.

கட்டிலருகே போனாள். முனிகிருஷ்ணன் ஒரு கையில் ஐந்து விரலையும் மறு கையில் இரண்டையும் தூக்கிக் காட்டினார். ஏழு.

“புக்கு வர்லயாம். அச்சாபீஸ்ல ஸ்ட்ரைக்காம்,” என்றாள். இவ்வளவு சுருக்காகப் பொய் வரும் என்று அவளே நினைக்கவில்லை.

சனிக்கிழமையும் ஏழு விரல். கஞ்சி இரண்டு ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஏதோ உரசுகிற சத்தம். அது நின்றால் திடுக்கென்று ஓடிவந்து பார்ப்பாள். மறுபடி உரசும். அந்தச் சத்தம் கேட்கிறவரை தான் செய்தது சரி என்று நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுப்பிரமணி வந்தான். வாசலிலேயே வழி மறித்தாள்.

“தூங்குறாரு.”

“புக்க படிச்சாரா அண்ணி?”

“படிச்சாரு.”

“இன்னா சொன்னாரு?”

“சிரிச்சாரு.”

அவன் முகம் மலர்ந்தது. “நான் இன்னும் படிக்கல. அண்ணன் முடிச்சாதான் எனக்கு. ரயில்ல எவனாச்சும் வாயத் தொறந்தா காதப் பொத்திக்கினு வரேன்.”

“அப்பறமா குடுத்தனுப்புறேன்.”

உள்ளே திரும்பினாள். முனிகிருஷ்ணன் தூங்கவில்லை. கண்ணைத் திறந்து வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் விரலைத் தூக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது அந்த உரசல் நின்றது. இந்த முறை அவள் ஓடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மெதுவாகப் போனாள்.

மதியத்துக்குள் பந்தல் போட்டு, பாடை கட்டியாயிற்று. மகன் ராஜவேலு மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக நின்றான். ஒர்க்‌ஷாப்பிலிருந்து சுப்பிரமணியோடு பெட்டிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள்.

“வாய்க்கரிசி எடுங்கம்மா, நேரமாவுது,” என்றார் ஒரு பெரியவர்.

பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் அடுக்களைக்குள் போனாள். செங்கம்மாளுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. எழுவதற்குள் குப்பம்மாள் திரும்பிவிட்டாள். ஒரு கையில் அரிசித் தட்டு, இன்னொரு கையில் புத்தகம்.

“இன்னாடி இது, அரிசிக்குள்ள கெடக்குது?”

சுப்பிரமணி வாங்கிப் பார்த்தான். பக்கங்களின் ஓரம் பிரிக்காமல் அப்படியே ஒட்டியிருந்தது. செங்கம்மாளை ஏறிட்டான்.

“படிச்சாருன்னு சொன்னீங்களே அண்ணி.”

“நாந்தான் ஒளிச்சி வெச்சேன். கதை முடிஞ்சா அவரும் முடிஞ்சிடுவாருன்னு பயம். ஏழாவது வாசலு உயிரத்தான் கேக்கும்னு நெனச்சேன்.” அவள் குரல் உடையவில்லை. “படி தம்பி. இன்னா கேட்டுச்சின்னு எனக்குத் தெரியணும்.”

“சாவு ஊட்லயா?” என்று யாரோ முணுமுணுத்தார்கள். வெளியே மேளத்தை நிறுத்தச் சொன்னான் ராஜவேலு. சுப்பிரமணி விரலால் பக்கத்தைக் கிழித்துப் பிரித்து, ரயிலில் படிக்கிற குரலில் தொடங்கினான்.

“ஏழாம் வாசலில் காவலன் எவனும் இல்லை. கதவு திறந்தே கிடந்தது. ‘நான் எதைத் தர வேண்டும்?’ என்று கேட்க வாயெடுத்தான் அமரகேது. அவன் குரல் அவன் காதிலேயே விழுந்தது. உள்ளே குதிரையைப் பிடித்தபடி அவன் தம்பி நின்றிருந்தான்...”

அதற்கு மேல் அவனால் வேகமாகப் படிக்க முடியவில்லை. கல்லான ஜனங்கள் உயிர்பெற்று எழுந்தார்கள். அமரகேது முடி சூடினான். பெட்டிக்காரர்களில் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“குடுத்ததெல்லாம் திரும்பி வந்துச்சா?” என்றாள் செங்கம்மாள்.

“எல்லாம் வந்துச்சி அண்ணி. ஒண்ணு பாக்கியில்ல.”

“படிக்க உட்டிருந்தா நிம்மதியாப் போயிருப்பாரே. பாவி, நான் கெடுத்துட்டேன்.”

அவள் எழுந்து அடுக்களைக்குள் போனாள். வெல்ல டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு கட்டியை எடுத்துவந்து தட்டின் விளிம்பில் தட்டி உடைத்தாள்.

மூன்று முறை அரிசி போட வேண்டும். இரண்டு முறை வெறும் அரிசி. மூன்றாவது முறை அரிசியோடு ஒரு துண்டு வெல்லத்தையும் சேர்த்து அவர் உதட்டில் வைத்தாள்.

மிச்சத் துண்டு செங்கம்மாளின் கையிலேயே இருந்தது. பிணம் கிடக்கிற வீட்டில் யாரும் எதையும் வாயில் போடமாட்டார்கள். சுப்பிரமணி புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினான்.